குடத்துக்காரர் பேர் என்ன?

ஒரு சின்ன டெஸ்ட். பேப்பர், பேனா எதுவும் வேணாம். போன கல்ச்சுரல்ஸ்ல உங்க காலேஜ் மேடையில வந்து பாடினது யாரு? சட்டுனு சொல்லிட்டீங்கள்ல? போட்டிருந்த சட்டை கலர், நடுவுல உங்க டிபார்ட்மென்ட் பேரைச் சொன்னது, 'ஒன்ஸ் மோர்' கேட்டு நீங்க அடிச்ச விசில்... எல்லாமே ஞாபகத்துல இருக்கும். சரி, ரெண்டாவது கேள்வி. அன்னிக்கு டிரம்ஸ் வாசிச்சவர் பேரு? கீபோர்டு? ஓரத்துல, ஸ்பீக்கருக்குப் பின்னாடி பாதி மறைஞ்சு நின்னு பேஸ் கிட்டார் வாசிச்சாரே, அவர்?

யோசிச்சு நெத்தியைச் சுருக்காதீங்க பாஸ். இந்தப் பேப்பர்ல நானும் அரியர்தான். ரொம்ப வருஷத்து அரியர். ஞாயித்துக்கிழமை துணி துவைக்கிற நேரத்துல, பக்கத்து போர்ஷன் பையன் ஒருத்தன் அதை எடுத்து என் முகத்துக்கு நேரா நீட்டிட்டான்.

நான் குடியிருப்பது குன்றத்தூரில். சென்னைக்காரர்களுக்கு இது முருகன் கோயில் ஊர். ஒரு சின்னக் குன்று, எண்பத்து நாலு படி, மேலே போனால் காற்று. ஷிஃப்ட்டுக்குப் போகும் பையன்களுக்கு இது வாடகை கொஞ்சம் கட்டுப்படியாகிற ஊர். விடியற்காலையிலும் நடுராத்திரியிலும் தெருமுனையில் கம்பெனி வேன்கள் வந்து நிற்கும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஆள் பிரித்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரு போர்ஷனில் நாலு பேர், அஞ்சு பேர். கொடியில் ஒரே கலரில் யூனிஃபார்ம் சட்டை வரிசையாகத் தொங்கும். சட்டையை வைத்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை செல்போனில் ஓடுகிற பாட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஒரிய பாட்டு மாடியில், போஜ்புரி பின் கட்டில், இளையராஜா பொதுவில்.

நம்ம பக்கத்து போர்ஷன் பையன் நாகர்கோவில் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் வேலை. அவன் போனில் ஓடுவது வில்லுப்பாட்டு. யாரோ ஒரு பாட்டி, வயசான குரல், கணீரென்று ஒரு கதையை இழுத்துப் பாடிக்கொண்டிருப்பார். ரெக்கார்டிங் சுமார்தான். நடுவில் குழந்தை அழுவது, மைக் கீச்சிடுவது எல்லாம் கேட்கும். சோப்பு நுரையோட கையை வைத்துக்கொண்டு இவன் தலையை ஆட்டிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் சொன்னேன், "அந்தம்மா குரல் பிரமாதம் தம்பி."

"குரல் இருக்கட்டும்ணே... குடத்தைக் கேளுங்க" என்றான்.

குடமா? அதுவரைக்கும் அந்த ரெக்கார்டிங்கில் குடம் என்று ஒரு சத்தம் இருப்பதே என் காதில் விழவில்லை. சத்தியமாக. அவன் சொன்ன பிறகு கேட்கிறேன். பாட்டுக்கு அடியில், நிலத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு 'கும்... கும்'. கதையில் ஆள் நடந்தால் அதுவும் நடக்கிறது. ஆள் ஓடினால் ஓடுகிறது. பாட்டி மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் மட்டும் தனியாக நின்று, விழாமல் பார்த்துக்கொள்கிறது.

"எங்கப்பா குடம்தான் அடிப்பாவ" என்றான் பையன். "ஊருக்குள்ள எல்லாருக்கும் குடத்துக்காரர்னா தெரியும். பேரைச் சொல்லிக் கேட்டா ரேஷன் கடையிலதான் தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும்.

பூங்கனி. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அகஸ்தீஸ்வரம் பக்கத்தில் சரவணந்தேரி என்கிற ஊர். பத்து, பன்னிரண்டு வயசுப் பெண்ணாகக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டைப் பார்த்து, 'இதுதான் எனக்கு வேணும்' என்று பிடித்துக்கொண்டவர். நீங்கள் எல்லாம் கிரிக்கெட் பார்த்து, கிட்டார் பார்த்து மயங்குகிற வயசு அது. இவர் வில்லைப் பார்த்து மயங்கினார். பார்த்தவர் அதோடு விடவில்லை. கற்றுக்கொண்டு, மேடை ஏறி, அரை நூற்றாண்டுக்கு மேல் பாடினார். எழுத்து வைத்துப் படித்த பாட்டு இல்லை. கதைகள் மொத்தமும் மனசுக்குள் இருந்தன.

மொத்தமும் என்றால் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? நாம் செமஸ்டருக்கு முந்தின ராத்திரி அஞ்சு யூனிட்டையே தாண்ட முடியாமல் தவிக்கிறோம். தெற்கே சுடலைமாடன் கோயில், இசக்கியம்மன் கோயில், முத்தாரம்மன் கோயில் என்று கொடை நடக்கிற இடத்தில் வில்லுப்பாட்டு என்பது மூன்று நிமிஷப் பாட்டு கிடையாது. ராத்திரி ஆரம்பித்தால் விடிய விடியப் போகும். சாமி பிறந்த கதை, வளர்ந்த கதை, கொலை நடந்த கதை என்று வரிசையாக வரும். முத்துப்பட்டன் கதை தெரியுமா? பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் இருவரைக் காதலித்து, பூணூலைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களோடு போனவன். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன். அவன் இன்று சாமி. இந்த மாதிரிக் கதை உச்சத்துக்குப் போகும்போது எதிரில் நிற்பவர்களுக்கு அருள் வந்து ஆடுவார்கள். பாடுகிறவர் ஒரு வரியை விட்டாலும் ஆட்டம் நின்றுபோகும். அதாவது பரீட்சை, எதிரிலேயே சாமி நின்று பேப்பர் திருத்துகிற மாதிரி.

இந்த இடத்தில் ஒரு பெண், ஆண்கள் நிறைந்த தொழிலில் வில்லுக்கு நடுவில் உட்கார்ந்து ஊரையே ஆட வைத்தார். சினிமா இல்லை, டி.வி. இல்லை. எண்பது வயசைத் தாண்டி 2018 நவம்பரில் இறந்துபோனார். கடைசிக் காலம் ஒன்றும் வசதியானதாக இருக்கவில்லை. கிராமியக் கலைஞர் என்றால் நம் ஊரில் அந்த அத்தியாயம் கேட்காமலேயே வந்து சேர்ந்துவிடும், அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. பூங்கனியின் கணவர் பேர் தங்கபாண்டியன். அவர் யார் என்று கேட்டால்... குடம் அடிப்பவர்!

இது சும்மா 'கணவனும் மனைவியும் ஒரே ட்ரூப்' என்கிற மேட்டர் மட்டும் இல்லை. வில்லும் குடமும் எப்படிச் சேர்ந்திருக்கும் என்று தெரிந்தால்தான் இதன் அழகு புரியும்.

வில் என்றதும் ராமர் கையில் இருக்கிற சைஸை நினைத்துக்கொள்ளாதீர்கள். பத்தடிக்குக் குறையாது. பதினாலு அடி வரைக்கும்கூட இருக்கும். தோலை முறுக்கிய நாண். வில்லின் உடம்பு முழுக்க மணிகள் கட்டியிருக்கும். அதை நிமிர்த்திப் பிடிப்பதில்லை, நாண் மேல்பக்கம் வருகிற மாதிரி படுக்கப் போட வேண்டும். நடுவில் தாங்க ஒன்று வேண்டுமே? அதுதான் குடம். ஒரு பிரிமணை மேல் குடத்தைச் சாய்த்து வைத்து, அதன் கழுத்தில் வில்லின் நடுப்பகுதியை இறுக்கிக் கட்டுவார்கள். பாடுகிறவர் கையில் வீசுகோல் இரண்டு. அதால் நாணில் அடித்தால் வில் அதிரும், மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டும், அந்த அதிர்வு குடத்துக்குள் இறங்கும். குடத்துக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார். உள்ளே இருக்கிற காற்று 'கும்' என்று பேசும். கூடவே ஒரு உடுக்கை, ஒரு ஜால்ரா, ஒரு ஜோடிக் கட்டை. வலது பக்கம் பாடுகிறவர் ஒரு அடி சொன்னால் இடது பக்கம் அதை வாங்கித் திருப்பிச் சொல்லும்.

கவனித்தீர்களா? பாடுகிறவரின் வாத்தியமும் பக்கத்தில் இருப்பவரின் வாத்தியமும் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. மற்ற கச்சேரியில் மிருதங்கக்காரர் கோபித்துக்கொண்டால் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே குடத்துக்காரர் எழுந்து போனால் வில்லும் சேர்ந்து சாயும். மனைவி நாணில் அடிக்கிற அடி கணவன் மடியோரம் இருக்கிற குடத்தில் போய்க் கேட்கிறது. காலையில் வீட்டில் ரெண்டு பேருக்கும் சண்டை என்றால் அன்று ராத்திரி என்ன செய்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். எப்படியும் கட்டித்தானே ஆக வேண்டும், வில்லை.

வில்லுப்பாட்டை டவுனுக்குக் கொண்டுவந்தவர்களைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதைச் சிரிப்போடு மேடையேற்றினார். அவரோடு சேர்ந்த சுப்பு ஆறுமுகம் அதையே வாழ்நாள் தொழிலாக எடுத்துக்கொண்டு ரேடியோ, டி.வி., வெளிநாடு என்று கொண்டுபோனார். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கி, அடுத்த வருஷம் காலமானார். நம்மில் பாதிப் பேருக்கு 'தந்தனத்தோம்' என்றதும் அவர் முகம்தான் வரும். சரி, அந்த வீடியோக்களில் அவர் பக்கத்தில் இருக்கிற முகங்கள்? திரும்ப ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கேமரா அவர்கள் மேல் எத்தனை செகண்ட் நிற்கிறது என்று எண்ணுங்கள்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் கன்ட்ரி மியூசிக் என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் ஊர்க் கிராமியப் பாட்டு. லாரி, ரயில், பிரிவு, குடி, கண்ணீர்... நம்ம தெம்மாங்கு பாடுகிற அதே சரக்குதான். அதில் பாட்ஸி க்ளைன் என்று ஒரு பாடகி. 1963-ல் விமான விபத்தில் இறந்தபோது வயசு முப்பது. இன்னமும் அந்த ஊரில் அவரைக் கொண்டாடுகிறார்கள். அவரை முதன்முதலில் நாடறிய வைத்த பாட்டு 1957-ல் வந்தது. நடுராத்திரியில் தனியாக நடந்துபோகிற ஒரு பெண்ணின் பாட்டு. கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு வரி பாடி முடித்ததும், பின்னாலிருந்து ஏதோ ஒன்று 'ஆமாம்மா...' என்று இழுத்து ஆறுதல் சொல்கிற மாதிரி வரும். அது ஆள் குரல் இல்லை. ஸ்டீல் கிட்டார். கிட்டாரைப் படுக்கப் போட்டு, விரலால் தந்தியை அழுத்துவதற்குப் பதில் ஒரு உலோகத் துண்டைத் தந்தி மேல் வழுக்க விடுவார்கள். ஹவாய்த் தீவில் பிறந்த வித்தை. நம்ம ஊரில் கோட்டுவாத்தியம் என்கிற சித்ரவீணையும் இதே வழுக்கல்தான். புதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி மாதிரி பெரிய கைகள் எல்லாம் வாசித்த வாத்தியம். படிக்கட்டு இல்லாமல் சறுக்குமரத்தில் ஏறி இறங்குகிற சுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதன் விம்முவதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற சத்தம் அது.

பாட்ஸியின் அந்தப் பாட்டில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் டான் ஹெல்ம்ஸ். அதற்கு முன்னால் ஹாங்க் வில்லியம்ஸ் என்கிற மகா பாடகரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். 2008-ல் இறந்தார். கன்ட்ரி மியூசிக்கே தெரியாதவனுக்குக்கூட அவர் வாசித்த சத்தம் தெரியும், பேர் தெரியாது. நானும் அந்தப் பாட்டைக் காலேஜ் ஹாஸ்டலில் நூறு தடவை கேட்டிருப்பேன். டான் ஹெல்ம்ஸ் என்கிற பேரைத் தேடிக் கண்டுபிடித்தது இந்தப் பையன் 'குடத்தைக் கேளுங்க' என்று சொன்னதற்குப் பிறகுதான்.

இப்போது என் அரியருக்கு வருகிறேன்.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது எங்கள் காலேஜில் நாட்டுப்புறக் கலை விழா ஒன்று நடத்தினோம். மேடைப் பொறுப்பு என்னுடையது. தெற்கேயிருந்து ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை வரவழைத்தோம். அறுபது வயசு தாண்டிய ஒரு அம்மாதான் தலைமை. அவரோடு அஞ்சு பேர். ராத்திரி பஸ்ஸில், வில்லை டாப்பில் கட்டி, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஃபிளெக்ஸ் பேனரில் அந்த அம்மாவின் போட்டோ, பேர், கீழே சின்ன எழுத்தில் 'குழுவினர்' என்று நான்தான் போடச் சொன்னேன். அந்தக் 'குழுவினர்' என்கிற வார்த்தை இருக்கே பாஸ், அது ஒரு அருமையான பெருக்குமாறு. அஞ்சு பேரை ஒரே வீச்சில் கூட்டி ஓரமாகத் தள்ளிவிடலாம்.

நிகழ்ச்சி பின்னிவிட்டார்கள். முதல் பத்து நிமிஷம் 'ஓ' போட்டுக் கிண்டல் பண்ணிய கடைசி வரிசை, அரை மணி நேரத்தில் அமைதியாகிவிட்டது. முடிந்ததும் மரியாதை செய்ய வேண்டும். பிரின்சிபால் மேடைக்கு வந்தார். பட்ஜெட்டில் நான் எழுதி வாங்கியிருந்தது ஒரே ஒரு பொன்னாடை, ஒரே ஒரு ஷீல்டு. அந்த அம்மாவுக்குப் போர்த்தினோம். கை தட்டினோம். போட்டோ எடுத்தோம். பின்னால் குடத்துக்காரர், நல்ல வயசு, எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்து அப்படியே நின்றார். அந்தப் போட்டோவில் அவருடைய தோள் மட்டும் விழுந்திருக்கிறது.

அது முடிந்து நான் பணக் கவரைக் கொடுக்கப் போனபோது மேடைக்குப் பின்னால் டியூப் லைட் வெளிச்சத்தில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கவரை வாங்கி, துண்டை விரித்து, நோட்டுகளை ஆறு கூறாக வைத்தார். ஆறும் ஒரே உயரம். அப்புறம் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து உதறினார். ஜரிகை போட்டது, நானே தி.நகர் போய் வாங்கி வந்தது. அதை அந்தக் குடத்தின் மேல் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று, ரெண்டு சுற்று, வாயை மூடி ஒரு முடிச்சு.

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா... பொன்னாடையைப் போய்?" என்று கேட்டுவிட்டேன்.

"பஸ்ஸு குலுக்குமே தம்பி. ஒடஞ்சா அவருக்குக் கை இல்ல, எனக்கு வாய் இல்ல" என்றார்.

அன்று எனக்கு அது புரியவில்லை. மரியாதை தெரியாத ஜனம் என்றுதான் மனசுக்குள் நினைத்துக்கொண்டு ரூமுக்கு வந்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். இதை இங்கே எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நம் குன்றத்தூருக்கு முருகன் மட்டும் அடையாளம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்குப் படித்திருப்பீர்கள்: பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் எது? இதே ஊர்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ ராஜாவிடம் மந்திரியாக இருந்தவர். இங்கிருக்கிற நாகேஸ்வரர் கோயில் அவர் கட்டியது. அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. வேன் பிடிக்கிற அவசரத்தில் தினமும் அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்தோம் என்பது வேறு கதை.

பக்தி இருக்கிறவர்கள் பெரியபுராணத்தைப் பக்தியோடு படிக்கட்டும். நான் இப்போது அதை ஒரு மேடைப் பொறுப்பாளன் கண்ணோடு படித்தேன். அறுபத்து மூன்று நாயன்மார் பட்டியலில் ஒரு பக்கவாத்தியக்காரர் இருக்கிறார் பாஸ்! திருநீலகண்ட யாழ்ப்பாணர். விருத்தாசலம் பக்கம் எருக்கத்தம்புலியூர்க்காரர். பாணர் குலம். கோயிலுக்குள் விடமாட்டார்கள், வாசலில் நின்று வாசிக்க வேண்டியதுதான். ஞானசம்பந்தர் என்கிற சின்னப் பையன் ஊர் ஊராகப் போய்ப் பாட, இவர் கூடவே போய் யாழில் வாசித்தவர். அவர் மனைவி பேர் மதங்கசூளாமணி. அந்தம்மா பாடுகிறவர். சேக்கிழார் எழுதிய லிஸ்ட்டில் 'குழுவினர்' கிடையாது. யாழ்க்காரருக்கும் பேர், அவர் வீட்டம்மாவுக்கும் பேர்.

ரெண்டு காட்சி சொல்கிறேன். ஒன்று மதுரையில். இவர் வாசலில் நின்று வாசிக்கிறார். உள்ளே கூட்டி வரச் சொல்லி அடியார்கள் கனவில் இறைவன் உத்தரவு போடுகிறார். உள்ளே வந்து வெறும் தரையில் உட்கார்ந்து வாசிக்கும்போது மறுபடியும் ஒரு உத்தரவு வருகிறது: ஈரத்தரையில் யாழ் பட்டால் தந்தியின் கட்டு கெட்டுவிடும், பொன்னால் ஆன பலகை போடுங்கள்! அந்த இடத்தைப் படிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பொன்னாடை சுற்றிய குடம் கண் முன்னால் வந்து நின்றது. வாத்தியத்துக்கு ஈரம் ஆகாது என்று கவலைப்படுகிற சாமியை ஒரு மந்திரி எழுதியிருக்கிறார். குலுக்கினால் உடையும் என்று கவலைப்பட்ட அம்மாவை நான் மரியாதை தெரியாதவர் என்று நினைத்திருக்கிறேன்.

இரண்டாவது காட்சி காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில். அது யாழ்ப்பாணரின் அம்மா ஊர். சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு 'உன் யாழ் இருப்பதால்தானே அந்தப் பையன் பாட்டு இவ்வளவு பரவுகிறது' என்கிறார்கள். நம் சித்தப்பா, மாமா எல்லாம் சொல்கிற மாதிரியே. மனிதர் பதறிப்போகிறார். சம்பந்தரிடம் போய், யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடுங்கள், இவர்களுக்குப் புரியட்டும் என்று கேட்கிறார். அவர் பாடுகிறார். இவர் வாசித்துப் பார்க்கிறார். நிஜமாகவே வரவில்லை. 'இந்தக் கருவி இருப்பதால்தானே இப்பேர்ப்பட்ட பேச்சு வந்தது' என்று யாழை உடைக்க ஓங்குகிறார். சம்பந்தர் தடுத்து யாழை வாங்கிக்கொள்கிறார். கருவிக்குள் எல்லாமும் அடங்குமா, முடிந்தவரை வாசியுங்கள் என்று திருப்பிக் கையில் கொடுக்கிறார். அந்தப் பாட்டுக்கு யாழ்முரி என்றே பேர்.

ஜெயித்தது யார் என்று பட்டிமன்றம் வைக்க இதில் இடமில்லை. எனக்குப் பிடித்தது அந்தத் திருப்பிக் கொடுத்தல்தான். பாடகர் நினைத்திருந்தால் அன்றோடு யாழை வேண்டாம் என்று தனியாகப் போயிருக்கலாம். போகவில்லை. கடைசிவரை அவர்கள் சேர்ந்தே போகிறார்கள். பெரியபுராணத்தின்படி சம்பந்தர் தன் கல்யாணத்தன்று ஜோதியில் கலக்கும்போது யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியும் கூடவே போகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தேவாரப் பாட்டுகளைச் சோழ ராஜா காலத்தில் தேடி எடுத்தபோது வரிகள் கிடைத்துவிட்டன, எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை. ராகம் தொலைந்துபோச்சு. அப்போது எருக்கத்தம்புலியூரில் இந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, அவரிடம் கேட்டுத்தான் பண் வகுத்தார்கள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. பாடியவர்கள் வீட்டில் இல்லாதது பக்கத்தில் உட்கார்ந்தவர் வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அந்தக் கதையில் பேர் இல்லை. 'மரபில் வந்த பெண்', அவ்வளவுதான். அதைப் படித்ததும் என் ஃபிளெக்ஸ் பேனர் ஞாபகத்துக்கு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை. பையனுக்கு நைட் ஷிஃப்ட். சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். நான் டீ டம்ளரோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி, உங்கப்பா இருந்த வில்லுக் குழுவுல மொத்தம் எத்தனை பேர்?"

"ஏழு பேருண்ணே."

"பேர் எல்லாம் தெரியுமா?"

ஒரு மாதிரி என்னைப் பார்த்தான். எதற்கு இவர் ரேஷன் கடைக்காரர் மாதிரி கேட்கிறார் என்று நினைத்திருப்பான். ஆனாலும் விரலை மடக்க ஆரம்பித்தான். பாடுகிறவர். அப்பா. ஜால்ரா. இடது பக்கம் பாடுகிற ரெண்டு பேர், அண்ணன் தம்பி. கட்டை அடிக்கிறவர், அவர் பிறகு கேரளாவுக்குக் கொத்தவேலைக்குப் போய்விட்டாராம். ஒவ்வொரு பேருக்கும் ஒரு சின்னக் கதை சொன்னான். கையில் பேப்பர் இல்லாததால் கரண்ட் பில் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஆறு பேர் ஆச்சு. ஏழாவது விரலில் நின்றுவிட்டான்.

"உடுக்கை அடிக்குற தாத்தா... வெத்தலை போட்டு வாயெல்லாம் சிவப்பா இருப்பாவ. எனக்கு முட்டாய் எல்லாம் வாங்கித் தருவாவ. உடுக்கைத் தாத்தான்னுதான்ணே கூப்பிடுவேன்..."

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. ரூமிலிருந்து மற்ற மூன்று பேரும் பையை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். இவன் எழுந்தான், நாலு படி இறங்கினான், நின்றான். போனை எடுத்து ஊருக்கு டயல் போட்டான்.

"அப்பா, சாப்டாச்சா? ஒண்ணுமில்ல... நம்ம உடுக்கைத் தாத்தா பேரு என்னப்பா?"